சம்பளம் யார் தருகிறார்கள்?



கும்பகோணத்துக்காரர்களுக்குப் பணத்தைப் பற்றி வெளியூர்க்காரன் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. 1904-லேயே சொந்தமாக ஒரு வங்கியைத் தொடங்கிய ஊர் இது. வெற்றிலை வியாபாரமும் பாத்திர வியாபாரமும் செய்து, நாணயத்தையே மூலதனமாக வைத்துப் பிழைத்த குடும்பங்களின் ஊர். ஆனாலும் இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் தலைப்பு பணத்தைச் சம்பாதிப்பது பற்றியதல்ல. சம்பாதித்ததை எப்படிக் காப்பது, எப்படிப் பெருக்குவது என்று நமக்கு வழி சொல்ல வருகிறாரே ஒருவர், அந்த நிதி ஆலோசகர், அவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பது பற்றியது.

ஏன் இந்தத் தலைப்பு? இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள், அல்லது அடுத்த ஒன்றிரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறப் போகிறவர்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்து பணம் அனுப்புகிறார்கள். வாழ்நாளிலேயே மிகப் பெரிய தொகை கைக்கு வரும் நேரமும், அதைப் பற்றி யாரிடமாவது கேட்டே ஆக வேண்டும் என்று மனம் தவிக்கும் நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அந்த நேரத்தில் யார் கதவைத் தட்டுகிறார்களோ அவரையே நம்பிவிடுகிறோம். நான் நுகர்வோர் புகார்களைக் கேட்டு எழுதித் தரும் வேலையில் இருப்பவன். என் மேஜைக்கு வரும் கண்ணீரில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில் தொடங்குகிறது.

ஒரு பழைய கதையைச் சொல்கிறேன். 1906-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி என்று ஒன்று. நூறாண்டுப் பெருமை. வெள்ளைக்காரர்கள் நடத்துவது, ஜார்ஜ் ஆர்பத்நாட் என்பவர் தலைமையில். சர் பட்டம் பெற்றவர், சமூகத்தில் பெரிய மனிதர். ஓய்வு பெற்ற அதிகாரிகள், வக்கீல்கள், கணவனை இழந்த பெண்கள், தென்னிந்தியா முழுவதிலுமிருந்து கொண்டுபோய்ப் பணத்தைப் போட்டார்கள். ஒரு நாள் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. பணம் எல்லாம் லண்டனில் உள்ள கூட்டாளி வழியாக ஊக வியாபாரங்களில் போய்க் கரைந்திருந்தது. ஆர்பத்நாட் சிறைக்குப் போனார். இனி நம் பணத்துக்கு நாமே ஒரு வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலியோர் முனைந்ததில்தான் 1907 ஆகஸ்ட் 15-இல் இந்தியன் வங்கி பிறந்தது.

சர் பட்டம் காப்பாற்றியதா? நூறாண்டுப் பெயர் காப்பாற்றியதா? இல்லை. அதற்குப் பிறகாவது நாம் விழித்துக்கொண்டோமா? 1990-களில் தேக்கு மரம் வளர்த்துக் கோடி தருகிறோம் என்றார்கள், கொடுத்தோம். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி என்றார்கள், கொடுத்தோம். 2022-இல் ஆருத்ரா என்ற நிதி நிறுவனம். வங்கி ஓராண்டு முழுவதும் தரும் வட்டியைவிட அதிகமாக ஒரே மாதத்தில் தருவதாகச் சொன்னார்கள் என்று கேட்டும் வரிசையில் நின்று கொடுத்தோம். இதில் ஏமாந்தவர்கள் படிக்காதவர்கள் அல்லர். ஆசிரியர்கள், பொறியாளர்கள், ஏன், காவல்துறையைச் சேர்ந்தவர்களும்கூட. ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள், ஏன் கொடுத்தீர்கள் என்று. ‘தெரிஞ்சவர் சொன்னார் சார். நல்ல மனுஷன்.’ எல்லோரும் சொல்வது இதுதான்.

நல்ல மனுஷனா என்று கேட்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள் என்கிறேன். ஒன்று, இவருக்குச் சம்பளம் யார் தருகிறார்கள்? இரண்டு, என் பணம் யார் கைக்குப் போகிறது? இந்த இரண்டுக்கும் ஒளிவுமறைவில்லாத பதில் வந்த பிறகு அவருடைய குணத்தைப் பார்க்கலாம், படிப்பைப் பார்க்கலாம், அனுபவத்தைப் பார்க்கலாம்.

முதல் கேள்வியில் கொஞ்ச நேரம் நிற்போம்.

நிலம் வாங்கப் போகிறோம். தரகர் வருகிறார். ‘அருமையான மனை சார், தண்ணி இனிக்கும், அடுத்த வருஷம் பைபாஸ் வருது’ என்கிறார். நாம் என்ன செய்கிறோம்? தலையை ஆட்டுகிறோம்; பிறகு தனியாகப் போய் அக்கம்பக்கத்தில் விசாரிக்கிறோம், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். ஏன்? பத்திரம் பதிந்தால்தான் தரகருக்கு இரண்டு சதவீதம் என்று நமக்குத் தெரியும். அவர் கெட்டவர் என்று நினைப்பதில்லை. அவருக்கு எங்கிருந்து காசு வருகிறது என்பது தெரிந்திருப்பதால், அவர் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்பதும் தெரிந்திருக்கிறது. இவ்வளவு விவரமான நாம், வங்கியின் குளிர்சாதன அறையில் டை கட்டிய ஒரு பிள்ளை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டதும் அத்தனை விவரத்தையும் செருப்போடு வாசலில் கழற்றி வைத்துவிடுகிறோமே, அது எதனால்?

எனக்குத் தெரிந்த ஒருவர் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றார். வாழ்நாளெல்லாம் சில்லறை எண்ணிய கை. பத்து ரூபாய் கணக்கு இடித்தால் தூங்காத மனிதர். ஓய்வுத் தொகை சேமிப்புக் கணக்கில் வந்து விழுந்த மூன்றாம் நாள் வங்கியிலிருந்து போன். போனார். டீ கொடுத்தார்கள். ‘எஃப்டி வட்டிக்கு வரி பிடிப்பாங்க அங்கிள், அதைவிட நல்லதா ஒண்ணு இருக்கு, அஞ்சு வருஷம்தான்’ என்றார்கள். மூன்று லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டார். எங்கெங்கே பெருக்கல் குறி போட்டிருந்ததோ அங்கெல்லாம் போட்டார். மறுநாள் ஒரு போன் வரும், எது கேட்டாலும் ‘எஸ்’ சொல்லுங்கள் என்றார்கள், சொன்னார். அடுத்த ஆண்டு அதே மாதம் ஒரு குறுஞ்செய்தி வந்தது: இரண்டாம் ஆண்டுப் பிரீமியம் மூன்று லட்சம் கட்ட வேண்டும்.

அவர் டெபாசிட் என்று நினைத்துப் போட்டது ஆயுள் காப்பீட்டு பாலிசி. ஆண்டுதோறும் மூன்று லட்சம் கட்ட வேண்டிய பாலிசி. விண்ணப்பத்தின் நகலை வாங்கி நான் பார்த்தேன். தொழில் என்ற இடத்தில் ‘வியாபாரம்’ என்று இருந்தது. ஆண்டு வருமானம் 9 லட்சம் என்று இருந்தது. அவருடைய ஓய்வூதியத்தை நான்கு மடங்காக்கினாலும் அந்தத் தொகை வராது. மின்னஞ்சல் முகவரி அவருடையது அல்ல. அவருக்கு மின்னஞ்சலே கிடையாது. பேனாவும் அவருடையது அல்ல, கையெழுத்து மட்டும் அவருடையது.

அதை விற்ற வங்கிப் பிள்ளைக்கு இவர் மேல் பகையா? ஒரு பகையும் இல்லை. அந்த மாதம் இவ்வளவு பிரீமியம் பிடிக்க வேண்டும் என்று அவனுக்கு மேலே உள்ளவர் கணக்கு வைத்திருக்கிறார். முதல் ஆண்டுப் பிரீமியத்தில் மூன்றில் ஒரு பங்கு வரைகூடக் கமிஷனாகப் போகும் பாலிசிகள் இருந்திருக்கின்றன. மூன்று லட்சத்தில் ஒரு லட்சம். டெபாசிட் போட்டால் வங்கிக்கு அந்தக் கமிஷன் வருமா? வராது. அப்படியானால் அந்த அறையில் எது நல்லது என்று சொல்லப்படும்? சம்பளம் யார் தருகிறார்களோ அவர்களுக்கு நல்லதுதான் சொல்லப்படும்.

கமிஷனுக்கு விற்பது சட்ட விரோதம் அல்ல. அதையும் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டில் மியூச்சுவல் ஃபண்ட் விற்பவருக்கு ஏ.ஆர்.என். என்று ஓர் எண் இருக்கும். ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபி தருவது. காப்பீட்டு முகவருக்குத் தனி உரிமம். இவர்கள் விற்பனையாளர்கள். இவர்களுக்குச் சம்பளம் பொருளை விற்கும் நிறுவனத்திடமிருந்து வருகிறது. இன்னொரு வகையினர் இருக்கிறார்கள். பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபியில் பதிவு பெற்ற முதலீட்டு ஆலோசகர்கள். இவர்களுடைய பதிவு எண் ஐ.என்.ஏ. என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். இவர்களுக்குச் சம்பளம் நாம் தருகிறோம், நாம் மட்டுமே தருகிறோம். 2013-இல் செபி இதற்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. 2020-இல் அதை இறுக்கியது. தனிநபராகப் பதிவு செய்த ஆலோசகர் கமிஷனுக்குப் பொருள் விற்கக் கூடாது. அவருடைய குடும்பத்தார்கூட அவரிடம் ஆலோசனை பெறும் வாடிக்கையாளருக்கு விற்கக் கூடாது. மனைவி பெயரில் ஏஜென்சி வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்குத் தெரியுமே, அந்த வாசலையும் சேர்த்து அடைத்தார்கள்.

சரி, ஒரு சதவீதம் கமிஷன் போனால் போகட்டும், அதில் என்ன பெரிய நஷ்டம் என்று சிலர் கேட்கிறார்கள். கணக்குப் போடுவோம். 2009 ஆகஸ்டுக்கு முன்பு, பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டில் நூறு ரூபாய் போட்டால் இரண்டேகால் ரூபாய் வரை வாசலிலேயே பிடித்துக்கொள்வார்கள்; மீதிதான் முதலீடு. செபி அதை நிறுத்தியது. 2013 ஜனவரி முதல் ஒவ்வொரு ஃபண்டுக்கும் டைரக்ட் பிளான் என்று ஒன்று வந்தது. விற்பவர் யாரும் இல்லை, கமிஷனும் இல்லை. விற்பவர் வழியாக வாங்கும் ரெகுலர் பிளானில் ஆண்டுக்கு முக்கால் சதவீதம், ஒரு சதவீதம் என்று கமிஷன் நம் பணத்திலிருந்தே போய்க்கொண்டிருக்கும். ரசீது வராது, அதனால் தெரியாது.

மாதம் 10,000 ரூபாய், 25 ஆண்டுகள் கட்டுகிறீர்கள். ஆண்டுக்கு 11 சதவீதம் வளர்ந்தால் கடைசியில் சுமார் 1 கோடியே 57 லட்சம். அதுவே கமிஷன் போக 10 சதவீதம் வளர்ந்தால் சுமார் 1 கோடியே 32 லட்சம். ஒரே ஒரு சதவீதம்தான் வித்தியாசம். 25 லட்சம் ரூபாய்! நீங்கள் கைக்காசாகக் கட்டியதே மொத்தம் 30 லட்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதற்காக, விற்பனையாளர் எல்லோரையும் ஒதுக்குங்கள் என்று இந்த மேடையிலிருந்து நான் சொல்ல மாட்டேன். சொன்னால் அது நியாயமாகாது. செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் நாடு முழுவதற்கும் ஆயிரம் பேர் அளவில்தான் இருக்கிறார்கள். அவர்களிலும் பெரும்பாலோர் பெருநகரங்களில். மாதம் இரண்டாயிரம் போடும் ஒரு ஜவுளிக்கடை ஊழியர் ஆலோசகருக்கு எங்கே போவார், கட்டணம் எப்படிக் கொடுப்பார்? வீட்டுக்கு வந்து கே.ஒய்.சி. முடித்து, நாமினி பெயர் எழுத வைத்து, ஆள் இறந்த பிறகு அந்தப் பணத்தை மனைவிக்கு வாங்கித் தருவதற்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கும் ஏஜெண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர் வாங்கும் கமிஷன் உழைத்த காசு. அவரிடமும் நீங்கள் கேட்க வேண்டியது அதே கேள்விதான்: ‘இதில் உங்களுக்கு எவ்வளவு வரும்?’ நேர்மையானவர் முகம் சுளிக்காமல் சொல்வார். சுற்றி வளைத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னும் ஒன்று. விற்பனையாளர் தன் பலகையில் ஆலோசகர் என்று போட்டுக்கொள்வதை 2020 விதிகள் தடுக்கின்றன. ஆனாலும் பலகைகள் இன்னும் தொங்குகின்றன. பலகையைப் பார்க்காதீர்கள், எண்ணைக் கேளுங்கள்.

நண்பர்களே, சம்பளக் கேள்வி முடிந்தது. இனி அவர் எதிரே உட்காருகிறோம். நல்ல ஆலோசகரை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? அவர் சொல்லும் பதிலை வைத்தா? இல்லை. அவர் கேட்கும் கேள்வியை வைத்து.

என் உறவினர் ஒருவர் மின்சாதனக் கடை வைத்திருக்கிறார். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர். பூர்வீக நிலத்தில் பங்கு விற்று 8 லட்சம் வந்தது. எதில் போடலாம் என்று கேட்கத் திருச்சி தில்லை நகரில் ஓர் ஆலோசகரிடம் போனார்கள். துணைக்கு என்னையும் அழைத்தார்கள். நடுத்தர வயதுப் பெண்மணி. சின்ன அறை, ஒரு மேஜை, கோடு போட்ட நோட்டு. உறவினர் உட்கார்ந்ததும், ‘மேடம், எட்டு லட்சம் இருக்கு, எந்த ஃபண்டு நல்லா போகுது?’ என்றார். அந்த அம்மாள் அதற்குப் பதிலே சொல்லவில்லை. நோட்டைத் திறந்தார்.

வீட்டில் எத்தனை பேர்? அம்மாவுக்கு மருந்துச் செலவு மாதம் எவ்வளவு? கடை யார் பெயரில் இருக்கிறது? அப்பா பெயரிலா, அவர் இருக்கிறாரா? உயில் உண்டா? தங்கைக்கு அதில் பங்கு உண்டா? தம்பிக்குக் கைமாற்றாகக் கொடுத்தது ஏதாவது? திரும்பி வருமா? கடைசியில், கடன் எவ்வளவு என்று கேட்டார். ‘வீட்டுக் கடன் மட்டும்தான்’ என்றார் இவர். ‘வங்கிக் கடன் சரி சார். வெளியில?’ கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார், தீபாவளிச் சரக்குக்காக ஒரு பைனான்ஸ்காரரிடம் மூன்று லட்சம், ரெண்டு வட்டிக்கு. அந்த அம்மாள் மனைவியின் பக்கம் திரும்பி, ‘உங்களுக்கு இது தெரியுமாம்மா?’ என்றார். மனைவி, ‘எந்தக் கடன்?’ என்று கணவரைப் பார்த்தார்.

ரெண்டு வட்டி என்றால் மாதம் 6,000. வருடத்துக்கு 72,000. ஆண்டுக்கு 24 சதவீதம். வெளியே 24 சதவீதம் வட்டி கட்டிக்கொண்டு, 12 சதவீதம் வருமா வராதா என்று தெரியாத ஃபண்டைத் தேடி வந்திருக்கிறோம். இதை அந்த அம்மாள் ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் நோட்டில் கணக்காக எழுதி இருவருக்கும் காட்டினார்.

பத்து நாளில் நான்கு பக்க அறிக்கை தமிழிலேயே வந்தது. முதலில் ரெண்டு வட்டிக் கடனை அடையுங்கள். இரண்டு பேருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து மருத்துவக் காப்பீடு எடுங்கள். ஆஸ்பத்திரி தரும் காப்பீடு வேலையை விட்டால் போய்விடும். கணவர் பெயரில் ஒரு கோடிக்கு டெர்ம் பாலிசி. ஆறு மாதச் செலவை எஃப்டியில் வையுங்கள். அப்பாவிடம் பேசி உயிலைப் பதிவு செய்யுங்கள். முதலீடு என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: ‘மேலே சொன்னவை முடியும் வரை எதுவும் வாங்க வேண்டாம்.’

எதுவும் வாங்க வேண்டாம்! கமிஷனில் பிழைப்பவரால் இந்த வரியை எழுத முடியுமா? எழுத மனம் இருந்தாலும் அந்த மாத வாடகை எழுத விடுமா? அந்த ஒரு வரிக்காகத்தான் நாம் அவருக்குக் கட்டணம் தருகிறோம்.

ஆகவே தாய்மார்களே, உங்களுக்கென்று ஒரு வார்த்தை. கணவரோடு ஆலோசகரிடம் போகும்போது நீங்களும் உள்ளே போங்கள். வெளியே பெஞ்சில் உட்காராதீர்கள். அவர் உங்களைப் பார்த்துப் பேசுகிறாரா, அல்லது முழு நேரமும் கணவரைப் பார்த்தே பேசுகிறாரா என்று கவனியுங்கள். பணத்தைப் பற்றிய ஏற்பாடு உண்மையில் யாருக்காக? பெரும்பாலான வீடுகளில் கடைசியாக அந்தக் காகிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நிற்கப் போவது மனைவி. அவருக்குப் புரியாத திட்டம் திட்டமே அல்ல. எந்தப் பாலிசி எங்கே இருக்கிறது, நாமினி யார், யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்காத ஆலோசகர் வேலையைப் பாதியில் விட்டவர்.

இனி வாக்குறுதிகள். இங்கே அதிக நேரம் வேண்டாம். ‘நிச்சயம் இவ்வளவு வரும்’ என்று பங்குச் சந்தையைக் காட்டிச் சொல்பவர் யாராக இருந்தாலும் அந்த நிமிடமே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். பதிவு பெற்ற ஆலோசகர் லாபத்துக்கு உத்தரவாதம் தரக் கூடாது. ‘லாபத்தில் எனக்குப் பங்கு கொடுங்கள்’ என்று கேட்கவும் கூடாது. வாட்ஸ்அப் குழுவில், டெலிகிராமில் நாளைக்கு எது ஏறும் என்று சொல்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. பாடம் நடத்துகிறோம் என்று சொல்பவர்கள் மூன்று மாதத்துக்கு உட்பட்ட விலையைக் காட்டிப் பேசக் கூடாது என்று 2025 ஜனவரியில் செபி தெளிவாகவே சொல்லிவிட்டது.

வாக்குறுதிக்குப் பதிலாக வேறொன்றைக் கேளுங்கள். ‘2020 மார்ச்சில் உங்கள் வாடிக்கையாளர்களிடம் என்ன சொன்னீர்கள்?’ அந்த ஆண்டு ஜனவரியில் சென்செக்ஸ் 42,000 பக்கம் இருந்தது. மார்ச் 23-ஆம் தேதி 26,000-க்குக் கீழே போய் முடிந்தது. இரண்டே மாதம். ஊரடங்கு, நோய் பயம், வேலை போகும் பயம். எத்தனையோ பேர் அன்று விற்றுவிட்டு வெளியே வந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் 47,000-ஐத் தாண்டியது. அந்த மார்ச்சில் போனை எடுத்தவர் யார், எடுக்காதவர் யார்? எதிரே இருப்பவர் எத்தனை பட்டம் வைத்திருக்கிறார் என்பதைவிட இந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதில் அவரைக் காட்டிவிடும். முடிந்தால் அவருடைய பழைய வாடிக்கையாளர் ஒருவரிடமே கேளுங்கள். ‘யாரையாவது என்னால் முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்களா?’ என்றும் கேளுங்கள். வருகிற எல்லோருக்கும் எல்லாம் செய்கிறேன் என்பவரிடம் கவனமாக இருங்கள்.

இரண்டாவது கேள்வி, என் பணம் யார் கைக்குப் போகிறது? இதற்குச் சரியான பதில் ஒன்றே ஒன்றுதான். ஆலோசகர் கைக்குப் போகக் கூடாது. அவருக்குப் போக வேண்டியது அவருடைய கட்டணம் மட்டும். முதலீடு உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராக ஃபண்டுக்கு, அல்லது காப்பீட்டு நிறுவனத்துக்கு, அல்லது அஞ்சலகத்துக்குப் போக வேண்டும். ‘என் கணக்கில் போடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்றால் அவர் எவ்வளவு வேண்டியவரானாலும் வேண்டாம். பவர் ஆஃப் அட்டர்னி கேட்டாலும் வேண்டாம். பதிவு பெற்ற ஆலோசகர் அதைக் கேட்கவே கூடாது என்பது விதி. ஓ.டி.பி., கடவுச்சொல், கையெழுத்திட்ட வெற்றுக் காசோலை எதையும் கொடுக்காதீர்கள். ஆர்பத்நாட்டிலும் ஈமுவிலும் ஆருத்ராவிலும் அழிந்தவர்கள் எல்லோரும் தவறான முதலீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முன்னாலேயே, பணத்தைத் தவறான கையில் கொடுத்திருந்தார்கள்.

கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. நிலையான கட்டணம் என்றால் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,51,000 ரூபாய்க்கு மேல் கூடாது. சொத்தின் அளவை வைத்து என்றால் ஆண்டுக்கு இரண்டரை சதவீதம். இவை மேல்வரம்பு மட்டுமே. நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு ஆண்டுக்குப் பதினைந்தாயிரம், இருபதாயிரத்துக்குச் செய்து தருபவர்கள் இருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. ரொக்கமாக வாங்கக் கூடாது. எழுத்தில் ஒப்பந்தம் போடாமல் ஒரு ரூபாய் வாங்கக் கூடாது.

‘பேச்சுக்கு இருபதாயிரமா?’ என்று இங்கே சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. நியாயமான தயக்கம்தான். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். ஆனால் ரெகுலர் பிளானில் 25 லட்சம் வைத்திருப்பவர், கமிஷனாக ஆண்டுதோறும் கிட்டத்தட்ட அதே தொகையை ரசீதில்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறார். காசோலையில் எழுதினால் வலிக்கிறது, கண்ணுக்குத் தெரியாமல் போனால் வலிப்பதில்லை. நம் கையால் கொடுத்தால்தான் ‘எனக்கு என்ன செய்தாய்?’ என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கும்.

பதிவு எண்ணைச் சரிபார்ப்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. அவர் காட்டும் சான்றிதழைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். சான்றிதழைப் போலியாக அச்சடிப்பது இன்று பெரிய வேலை அல்ல. செபியின் இணையதளத்தில் பதிவு பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது. அதில் உள்ள தொலைபேசி எண்ணும் முகவரியும் உங்களிடம் பேசுபவருடையதுதானா என்று ஒத்துப் பாருங்கள். பேரப்பிள்ளையைக் கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வான். அவர் பெயரில் செபி ஏதாவது உத்தரவு போட்டிருக்கிறதா என்பதும் அங்கேயே கிடைக்கும். பதிவு இருந்தால் போதும், எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. ஆலோசகர்களுக்கான என்.ஐ.எஸ்.எம். தேர்வு எழுதியிருக்கிறார் என்பதும், தவறு செய்தால் கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதும்தான் அதற்கு அர்த்தம். கேட்பதற்கு ஓர் இடம் இருப்பது சின்ன விஷயம் அல்ல. 

அப்படிக் கேட்கும் இடங்களைச் சொல்லி முடிக்கிறேன், தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள். ஆலோசகர், ஃபண்டு, பங்குத் தரகர் பற்றிய புகாருக்கு செபியின் ஸ்கோர்ஸ் தளம். சம்பந்தப்பட்டவர் 21 நாளில் பதில் சொல்ல வேண்டும். கட்டணமில்லா எண் 1800 22 7575. காப்பீட்டுப் பாலிசி வேண்டாமென்று தோன்றினால், பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறிய கழிவு போகப் பணம் வரும். பத்திரம் வந்த அன்றே உறையைப் பிரித்துப் படியுங்கள் என்று நான் கெஞ்சுவது இதற்காகத்தான். 30 நாள் தாண்டிவிட்டாலும் மனம் தளராதீர்கள். நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் தீரவில்லை என்றால் சென்னையில் காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகம் இருக்கிறது, வக்கீலும் வேண்டாம், கட்டணமும் இல்லை. நடத்துநருக்கு நாங்கள் செய்ததும் இதுவே. விண்ணப்பத்தின் நகல், ஓய்வூதியப் புத்தகத்தின் நகல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 9 லட்சம் வருமானம் எங்கிருந்து வந்தது என்று ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினோம். நிறுவனம் பாலிசியை ரத்து செய்து மூன்று லட்சத்தையும் திருப்பித் தந்தது. டெபாசிட் என்று வாங்கி ஓடிப்போன நிதி நிறுவனங்கள் பற்றியென்றால், 1997-இல் நம் மாநிலம் கொண்டுவந்த முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு நல்லது, அவர்கள் சொத்தை விற்பதற்குள் முடக்க முடியும்.

இனி உங்கள் கேள்விகள். முன்வரிசையில் தம்பிகள் துண்டுத் தாள்கள் தருவார்கள். பெயரும் தொகையும் சபையில் சொல்ல வேண்டாம். தாளிலும் எழுத வேண்டாம். பாலிசியோ ஒப்பந்தமோ கையோடு கொண்டு வந்திருப்பவர்கள், கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வலப்பக்கம் உள்ள மேஜைக்கு வாருங்கள். ஒவ்வொன்றாகப் படித்துப் பார்ப்போம்.